துருயிட் சபைக்கு நீலம் போட்ட கதை

சிசிலித் தீவுக்கு வராதவர்கள் குறைவு. கிரேக்கர் வந்தார்கள், கோயில் கட்டினார்கள். அரபிக்காரர் வந்தார்கள், தோடையும் எலுமிச்சையும் நட்டார்கள். நோர்மன்காரர், ஸ்பானியர் எல்லோரும் வந்துபோய், கடைசியில் யாழ்ப்பாணத்தாரும் வந்து பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் கருவாட்டுக் கடை திறந்தார்கள். வராமல் விட்டவர்கள் கெல்திக்காரர் மட்டும்தான். பழைய பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் பனிமூட்டத்துக்குள் வாழ்ந்த அந்தச் சனம் பலெர்மோவில் குடும்பம் நடத்தியதாக எவரும் சொல்லவில்லை. இந்தப் பெருங்குறையைத் தீர்ப்பதற்காக, பணக்காரர் வாழும் லிபெர்த்தாவில், ஓய்வுபெற்ற நொத்தாரிசு ருஜ்ஜேரோவின் வரவேற்பறையில் மகா ஓக் சபை தொடங்கப்பட்டது.

கெல்திக்காரரின் பூசாரிமாருக்குத் துருயிட் என்று பெயர். ஓக் மரத்தின் கீழ் நின்று சூரியனையும் சந்திரனையும் வணங்கினார்களாம். ஞானம் வாய்வழியாகத்தான் போகவேண்டும் என்று சொல்லி, ஒரு வரிகூட எழுதி வைக்காமல் செத்துப்போனார்கள். ருஜ்ஜேரோ மயங்கியது அந்த இடத்தில்தான். காலமெல்லாம் அடுத்தவன் காணிக்கு உறுதி எழுதியவர், இப்படி வெறுமையாகக் கிடக்கிற ஒரு சமயத்தைக் கண்டால் சும்மா விடுவாரா? எழுதினார். ஒரு சொல்லும் எழுதாதவர்களின் சமயத்துக்கு அவர் எழுதிய விதிமுறை தலையணைத் தடிப்பில் வந்து நின்றது.

அந்த விதிமுறையின்படி சபையில் மூன்று படி உண்டு. வெள்ளை அங்கி போட்டவர் துருயிட். அவருக்கு ஞானம் முற்றிவிட்டது. நீல அங்கி போட்டவர் பாணர், பாட்டுப் படிக்கலாம், ஆனால் வாய் திறந்து கருத்துச் சொல்ல முடியாது. பச்சை அங்கி போட்டவர் குறி சொல்பவர். அவருடைய வேலை அன்றைய காலநிலையை முன்கூட்டிச் சொல்வது. பலெர்மோவில் இதற்குப் பெரிய தவம் ஒன்றும் தேவையில்லை. ஆனால் இந்த நாட்டில் கீழ்ப்படியில் இருக்க யார்தான் சம்மதிப்பார்? தொடங்கி ஒரு வருடத்துக்குள் சபையில் இருந்த அத்தனை பேரும் வெள்ளைக்கு ஏறிவிட்டார்கள். பாட்டுப் படிக்க ஆளில்லாததால் ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

கோபாலசிங்கம் ருஜ்ஜேரோவின் வீட்டிலேயே தங்கி வேலை செய்பவர். குசினிக்குப் பின்னால் அவருக்கு ஒரு அறை. சமையல், ஸ்திரிக்கை, நாயை நடக்கக் கொண்டுபோவது என்று இருந்த வேலையோடு, சபை வந்தபிறகு பனிமூட்டமும் சேர்ந்தது.

அதைச் சொல்ல முதல் மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓக் மரம் சிசிலியின் மலைக்காடுகளில் தாராளமாக உண்டு. ஆனால் அங்கே கார் நிறுத்த வசதியில்லை. ருஜ்ஜேரோவுக்கோ நகரத்து விளிம்பில், சியாகுல்லியில், தகப்பன் வழி வந்த மண்டரின் தோடைத் தோட்டம் ஒன்று இருந்தது. அதில் நல்ல பெரிய மரமாகப் பார்த்து, சபையாரைச் சுற்றி நிறுத்திக்கொண்டு பேசினார்.

"சகோதரர்களே! தாவரவியலின்படி இது மண்டரின். ஆனால் தாவரவியல் சட்டத்தை விடப் பெரிதா? சொத்துக்கு உரிமையாளன் நான். இன்று தொடக்கம் இந்த மரம் ஓக் என்று பிரகடனம் செய்கிறேன். ஆட்சேபணை உள்ளவர்கள் மூதாதையரிடம் முறையிடலாம்."

எல்லோரும் கண்ணீர் மல்கக் கைதட்டினார்கள். அந்த ஓக் மரம் பங்குனி மாதம் வரைக்கும் காய்த்துத் தள்ளியது. சபையார் ஓக் பழம் என்று பை நிறையப் பறித்துக்கொண்டு போனார்கள். மரத்தைச் சுற்றி நிற்கவேண்டிய புனிதக் கற்களுக்கு, அனுமதியில்லாமல் கட்டிப் பாதியில் விட்ட மைத்துனரின் மாடிவீட்டிலிருந்து கொங்கிறீற்றுக் கட்டைகள் வந்து சேர்ந்தன. மிச்சம் இருந்தது பனிமூட்டம். பனிமூட்டம் இல்லாத இடத்துக்கு மூதாதையர் இறங்கமாட்டார்கள் என்று விதி. சகாராவிலிருந்து சுடுகாற்று வந்து தோலை உரிக்கிற ஊரில் பனிக்கு எங்கே போவது?

"கோபால், பனிமூட்டம்!" என்றார் ருஜ்ஜேரோ, உப்புக் கொண்டுவா என்கிற மாதிரி.

கோபாலசிங்கம் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு தமிழ்க் கடைக்குப் போய்ச் சாம்பிராணி வாங்கி வந்து, இறைச்சி வாட்டுகிற அடுப்பில் தணல் போட்டுக் கொட்டினார். புகை எழும்பி மரத்தை மறைத்தது. சபையார் இருமினார்கள். இருமல் நின்றதும் தங்களுக்குள் ஏதோ இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் இல்லாமல் பூசை இல்லை.

அதுதான் வினையாய்ப் போயிற்று. கெல்திய ஆண்டுக்குப் பெருவிழா எட்டு. சபையாருக்குக் கிழமை நாட்களில் கந்தோர் இருந்ததால் விழாவெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டது. விழாவுக்கு முதல் ஞாயிறு ஒத்திகை. அதற்கு முதல் ஞாயிறு ஒத்திகைக்கு ஒத்திகை. விழாவுக்கு அடுத்த ஞாயிறு, விழா எப்படி நடந்தது என்று ஆராய்கிற கூட்டம். மிச்ச ஞாயிறுகளில் அடுத்த விழாவுக்குத் திட்டம் போடுகிற கூட்டம். கூட்டிப் பார்த்தால் கோபாலசிங்கத்துக்கு என்று மிஞ்சிய ஞாயிறு எதுவுமில்லை.

அவருடைய மனைவி நாகபூசணி நகரத்தின் மறுபக்கத்தில் படுக்கையில் கிடக்கிற ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தாள். இரண்டு பேருக்கும் சொந்தமென்று இருந்தது ஸ்தாசியோனேக்குப் பின்னால் ஒரு வாடகை அறையும் ஞாயிற்றுக்கிழமையும்தான். ஞாயிறு காலையில் வந்து யன்னலைத் திறந்து, பிட்டு அவித்து, மீன்குழம்பு வைத்து, பின்னேரம் படுத்துக் கிடந்து கதைத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய குடித்தனம். இப்போது அவள் தனியாக வந்து, தனியாகப் பிட்டு அவித்து, பாதியை டப்பாவில் கட்டிக்கொண்டு போனாள். சித்திரை மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

"சுவரோடை கதைக்கிறதுக்கு எனக்கு ஒரு வீடு தேவையில்லை. மாத முடிவிலை வீட்டுக்காரனிட்டை அறைத் திறப்பைக் குடுக்கப் போறன். நீங்கள் உங்கடை சாமியார்மாரோடை இருங்கோ."

"விசர்க்கதை கதையாதையும் நாகு. அந்த மனுசனிட்டை லீவு கேக்கிறன்."

"போன மாசமும் கேக்கிறன் எண்டு சொன்னனீங்கள்."

கேட்கத்தான் செய்தார். ருஜ்ஜேரோ அவருடைய தோளில் கைவைத்து, "கோபால், இயற்கைக்கு விடுமுறை உண்டா?" என்று கேட்டார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற காலம் அது. வேலை போனால் அதுவும் போகும். கோபாலசிங்கம் சாம்பிராணி வாங்கப் போனார். மனதுக்குள் அழுதுகொண்டுதான் போனார்.

இதற்கிடையில் சபையில் ஒரு பெரிய வழக்கு நடந்திருந்தது. மருந்துக்கடைக்காரி லெத்தீசியா, போன இலையுதிர்கால விழாவில் காதிலிருந்து விழுந்த தோட்டைத் தேடிப் புல்லில் முழங்கால் போட்டாள். எழும்பியபோது வெள்ளை அங்கியில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைக் கறை. ருஜ்ஜேரோ வகித்த தலைமைத் துருயிட் பதவிக்கு அடுத்து வரப்போகிறவள் அவள்தான் என்று ஒரு கதை அப்போது உலாவிக்கொண்டிருந்தது. ருஜ்ஜேரோ அன்றே விதியைப் பிரித்தார்.

"அங்கியே ஆன்மா!" என்று முழங்கினார். "ஆன்மா மாறாமல் அங்கி மாறாது. எங்கள் சபையில் நிறத்தைப் பார்த்துத்தான் ஆளைப் பார்ப்போம். ஆளைப் பார்த்து நிறத்தைப் பார்க்கமாட்டோம். சகோதரி லெத்தீசியா, நீங்கள் இன்று முதல் பச்சை."

"உள்ளங்கை அகலம்தானே!" என்றாள் லெத்தீசியா.

"விதியில் அகலத்தைப் பற்றிப் பேச்சில்லை. வேண்டுமானால் நாளைக்கு வெயிலா மழையா என்று சொல்லுங்கள்."

லெத்தீசியா ஓரத்தில் போய் நின்று வெயில் என்றாள். அடுத்த நாள் வெயிலடித்தது. ஆனால் அவள் மறக்கவில்லை.

மற்றவர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வைகாசி வரவேற்பு விழா நெருங்கியபோது எவருக்கும் தன் அங்கியைத் தானே தோய்க்கத் துணிவில்லை. ஒரு சொட்டுக் கோப்பி போதும், ஞானம் இறங்கிவிடும். ஆகவே அத்தனை வெள்ளை அங்கிகளும் கோபாலசிங்கத்திடம் வந்தன. ஒரே நேரத்தில் தோய்த்து, பையில் கட்டி, விழாவில்தான் அவிழ்க்க வேண்டும். அதுவரை எந்தத் துருயிட்டின் கண்ணும் படக்கூடாது.

"பனியை விட வெள்ளையாக, கோபால்," என்றார் ருஜ்ஜேரோ.

சனிக்கிழமை பின்னேரம் நாகபூசணியின் தொலைபேசி அடித்தது.

"இஞ்சரும், உடுப்பு நீலமாப் போச்சு."

"எந்த உடுப்பு?"

"சாமியார்மாற்றை உடுப்பு. எல்லாம்."

"ஐயோ, எவ்வளவு நீலம் விட்டனீங்கள்?"

"ஒரு மூடிதான் விடப் பாத்தனான். மூடி கழண்டு முழுப் போத்தலும் மிசினுக்கை ஊத்துப்பட்டுப் போச்சு."

"இந்தச் சனத்துக்கு நீலம் எண்டால் என்னெண்டே தெரியாது. ஏன் அதைத் தொட்டனீங்கள்?"

"பனியை விட வெள்ளையா வேணுமெண்டவர். நீலம் போடாமல் என்னெண்டப்பா வெள்ளை வாறது?"

யாழ்ப்பாணத்தில் பிறந்த யாருக்கும் இந்தக் கேள்விக்கு வேறு பதில் தெரியாது. நாகபூசணி, "வினாகிரி விட்டு அலசுங்கோ," என்றாள்.

"இஞ்சை கறுப்பு வினாகிரிதான் கிடக்கு."

"அப்ப விடாதேங்கோ!"

கறுப்புக்குச் சபையில் என்ன படி என்று கோபாலசிங்கத்துக்குத் தெரியாது. மூன்று தரம் அலசினார். பிழிந்து மொட்டைமாடியில் விரித்தார். காய்ந்தால் வெளிறிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். காய்ந்தது. மொண்டெல்லோக் கடல் மாதிரி, பார்க்க நல்ல வடிவான நீலம். அவர் அப்படியே மடித்துப் பையில் கட்டினார்.

மறுநாள் விழா. பூசை முடிந்ததும் தமிழ்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக நாகபூசணிக்குச் சத்தியம் பண்ணியிருந்தார். அவள் அவருடைய சத்தியத்தை நம்பாமல், சேலை கட்டி, கைப்பையோடு நேரே தோட்டத்துக்கே வந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் குந்திவிட்டாள். கோயிலுக்குப் போகவேண்டுமே என்று கோபாலசிங்கம் வெள்ளை வேட்டியும் கழுத்து மூடின வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு அடுப்பில் தணல் ஊதிக்கொண்டிருந்தார். வேலைக்காரன் என்ன உடுத்திருக்கிறான் என்று ருஜ்ஜேரோ பார்ப்பது வழக்கமில்லை.

புகை எழும்பியது. சபையார் கற்களைச் சுற்றி நின்றார்கள். ருஜ்ஜேரோ மந்திரம் சொல்லிப் பையை அவிழ்த்தார். அவிழ்த்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"புகையினால் அப்படித் தெரிகிறது," என்றார் கடைசியில்.

எல்லோரும் புகை கலையும்வரை காத்திருந்தார்கள். கலைந்தது. இன்னும் நீலமாகத்தான் இருந்தது.

"நீலம் என்பது வெள்ளையின் ஓர் ஆழமான நிலை," என்று ருஜ்ஜேரோ தொடங்கினார். "நிறம் என்பது என்ன சகோதரர்களே? வெளித்தோற்றம்! உள்ளத்தில் வெள்ளையாய் இருப்பவனுக்கு அங்கி ஒரு துணிதானே! ஆளைப் பார்க்கவேண்டும், நிறத்தை அல்ல!"

பச்சை அங்கியோடு ஓரத்தில் நின்ற லெத்தீசியா முன்னுக்கு வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெயில்.

"அங்கியே ஆன்மா," என்றாள். "ஆன்மா மாறாமல் அங்கி மாறாது. நீங்கள் சொன்னதுதான் தொத்தோரே, எனக்கு மனப்பாடம். நீங்கள் எல்லோரும் இன்று முதல் பாணர்கள். பாணர்களுக்குக் கருத்துச் சொல்ல உரிமையில்லை. பாடுங்கள்."

யாரோ ஒருவர் பயத்தில் மெல்லப் பாடத் தொடங்கினார்.

ருஜ்ஜேரோ அங்கியைத் தூக்கி எறிந்தார். சட்டையையும் காற்சட்டையையும் கழற்றினார். உள்ளே வெள்ளைப் பெனியன். "இதோ வெள்ளை!" என்று கத்தினார். ஆனால் விதி கழுத்திலிருந்து கணுக்கால்வரை என்று சொல்லியது. இடையில் இருந்த உள்காற்சட்டையில் சின்னச் சின்னச் செர்ரிப்பழங்கள் அச்சடித்திருந்தன. லெத்தீசியா அதைச் சுட்டிக் காட்டத் தேவைகூட இருக்கவில்லை. புது அங்கி எடுக்கலாமே என்றார் ஒருவர். புது வெள்ளையை இன்னொரு வெள்ளையின் கையால்தான் வாங்கலாம் என்று விதி. பூசையை நிறுத்தலாமே என்றார் இன்னொருவர். பை அவிழ்ந்தபின் நிறுத்தினால் சபையே கலைந்ததாகக் கருதப்படும் என்று விதி. வட்டத்துக்குள் நிற்கும் வெள்ளை அங்கிக்காரர் எவரோ, அவரே பூசையை நடத்தவேண்டும். ஓட்டை இல்லாமல் எழுதுகிற நொத்தாரிசு என்று அவருக்கு ஊரெல்லாம் பெயர் இருந்தது.

சபையார் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். வட்டத்துக்குள்ளேயே, அடுப்புக்குப் பக்கத்தில், கழுத்திலிருந்து கணுக்கால்வரை பால்வெள்ளையாய், கையில் சாம்பிராணிக் கரண்டியோடு கோபாலசிங்கம் நின்றார்.

"இல்லை இல்லை," என்றார் கோபாலசிங்கம். "நான் பனிமூட்டம்."

"வெனெராபிலே! வணக்கத்துக்குரியவரே!" என்று லெத்தீசியா மண்டியிட்டாள். அவளுடைய அங்கி ஏற்கெனவே பச்சை என்பதால் புல்லைப் பற்றிக் கவலையில்லை. ஒவ்வொருவராக மற்றவர்களும் மண்டியிட்டார்கள். கடைசியில் செர்ரிப்பழங்களோடு ருஜ்ஜேரோவும். விதி எழுதியவரல்லவா, வேறு வழியில்லை.

நாகபூசணி கதிரையிலிருந்து எழும்பி வந்து காதுக்குள் கேட்டாள்: "என்னப்பா நடக்குது? இதுகள் ஏன் உங்களைக் கும்பிடுதுகள்?"

"தெரியாது. நீலத்தாலை வந்த வினை."

"கெதியாச் செய்து முடியுங்கோ. கோயில் பூட்டப் போகுது."

அவர் கையில் வாளைக் கொடுத்தார்கள். பொம்மலாட்டக்காரரின் கடையில் வாங்கிய வாள், பிடியில் இன்னும் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. பூசை தொடங்க முதல் அதைப் பாதி உருவி, "சமாதானமா?" என்று மூன்று தரம் கேட்கவேண்டும். சபையார் "சமாதானம்!" என்பார்கள். பிறகு சபையார் தலைமைத் துருயிட்டைத் திருப்பிக் கேட்பார்கள். அவர் ஆம் என்றால்தான் பூசை. இல்லை என்றால், குறை தீரும்வரை ஒருவரும் அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. ருஜ்ஜேரோ எப்போதும் வானத்தைப் பார்த்து, கண்ணை மூடி, நீளமாக ஆம் என்பார். அவருடைய வாழ்க்கையில் என்ன குறை?

கோபாலசிங்கம் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் சமாதானம் என்றார்கள். பிறகு சபை அவரைக் கேட்டது: "உமக்குச் சமாதானமா?"

ஆம் என்றுவிட்டால் எல்லாம் சுகமாக முடியும். நாளைக்கும் ஸ்திரிக்கைப் பெட்டி இருக்கும், குசினி அறை இருக்கும், பெர்மெஸ்ஸோ இருக்கும். நிமிர்ந்து பார்த்தார். நாகபூசணி கைப்பையைத் திறந்து, அதற்குள் கிடந்த அறைத் திறப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள்.

"இல்லை," என்றார்.

இப்படி ஒரு பதிலை அந்தத் தோட்டம் கேட்டதில்லை.

"என்ன குறை, வெனெராபிலே?" என்று கேட்டார் ருஜ்ஜேரோ.

"தொமேனிக்கா," என்றார் கோபாலசிங்கம். ஞாயிற்றுக்கிழமை. "எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேணும். முழுதாக. ஒவ்வொரு கிழமையும். பூசை இல்லை, ஒத்திகை இல்லை, கூட்டம் இல்லை."

சபையார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அசைய முடியாது. ருஜ்ஜேரோவின் வழுக்கை சிவந்து வந்தது. அவர் கண்ணை மூடி, வானத்தைப் பார்த்து, அந்த இடத்திலேயே விதி இயற்றினார்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் இயற்கை ஓய்வெடுக்கிறது என்பது பண்டைய கெல்திய மரபு. எங்கள் மூதாதையர் இதைப் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வந்தார்கள்."

"எப்போது தொடக்கம்?" என்று கேட்டாள் லெத்தீசியா.

"இப்போது தொடக்கம்," என்றார் ருஜ்ஜேரோ.

அன்று புருசனும் பெண்சாதியும் கோயிலுக்கு நேரத்தோடு போனார்கள். நாகபூசணி தேங்காய் உடைத்தாள்.

விழாக்கள் செவ்வாய்க்கிழமைக்கு மாறின. செவ்வாய் காலையில் கோபாலசிங்கம் ருஜ்ஜேரோவின் சட்டைகளை ஸ்திரிக்கை போடுவார், "இந்தக் கொலர் சரியில்லை கோபால்" என்று பேச்சு வாங்குவார். பின்னேரம் ருஜ்ஜேரோ நீல அங்கியோடு அவர் முன்னால் மண்டியிட்டுப் பாட்டுப் படிப்பார். ருஜ்ஜேரோவுக்குக் குரல் மோசமில்லை என்று எல்லோரும் கண்டுகொண்டார்கள். புது வெள்ளை அங்கி கேட்டுச் சபையார் மாறி மாறி வந்தார்கள். கோபாலசிங்கம் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் பெர்மெஸ்ஸோவுக்காக வரிசையில் நின்று நின்று படித்த வசனம் ஒன்று கைவசம் இருந்தது. "உங்கள் விடயம் பரிசீலனையில் உள்ளது. அடுத்த கிழமை வாருங்கள்," என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர்கள் மரியாதையோடு திரும்பிப் போனார்கள். இதுவரை இருந்த தலைவர்களில் இவருக்குத்தான் உண்மையான ஆன்மீகத் தோரணை இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு சிக்கல். சனிக்கிழமைதோறும் அங்கிகளைத் தோய்ப்பது அவர்தான். தோய்க்கத் தோய்க்க நீலம் போய்க்கொண்டிருந்தது. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, அறையில் யன்னலடியில் இருந்து பிட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெல்லச் சொன்னார்.

"நாகு, உடுப்பெல்லாம் வெளுத்துக்கொண்டு வருது."

நாகபூசணி குழம்பு விடுகிற கையை நிறுத்தினாள். "எவ்வளவு?"

"இன்னும் ரெண்டு தோய்ச்சல். பிறகு எல்லாரும் வெள்ளை. அந்த மனுசன் பழையபடி ஏறிடுவார்."

அவள் எழும்பிக் கதவடிக்குப் போய், காலையில் தமிழ்க் கடையில் வாங்கி வைத்திருந்த பையைக் கொண்டுவந்து அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே இரண்டு போத்தல் நீலம்.

"கவனமாக் கொண்டுபோங்கோ," என்றாள், இன்னொரு கரண்டி குழம்பை விட்டபடி. "மூடியை இளக்கித்தான் வைச்சிருக்கிறன்."